ரோல்பேக் இல்லாத தலைமுடி

கழுத்தைத் தாண்டி இறங்கி, தோளைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற அளவுக்கு முடி வைத்திருப்பவர்களிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “வளர்க்கிறீங்களா, இல்ல வெட்ட நேரம் கிடைக்கலையா?” கெட்ட எண்ணத்தில் யாரும் கேட்பதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குச் செரிக்கவே இல்லை. ஒட்ட வெட்டியவரிடம் “அடுத்து என்ன திட்டம்” என்று யாரும் விசாரிப்பதில்லை. இடுப்பு வரை முடி வைத்திருப்பவரிடமும் அப்படித்தான். நடுவில் இருப்பவர் மட்டும் ஏதோ முடியாத வேலையை வைத்துக்கொண்டு இருப்பது போலவும், அதற்கு ஒரு தேதி சொல்லியாக வேண்டும் போலவும் எதிர்பார்க்கிறார்கள். என் பிழைப்பு மென்பொருள். பாதியில் நின்றுபோன ப்ராஜெக்டையும் பார்த்திருக்கிறேன், பல வருஷம் அமைதியாக ஓடுகிற சிஸ்டத்தையும் பார்த்திருக்கிறேன். நடுத்தர நீள முடி அந்த இரண்டாவது ரகம். அதற்கென்று தனிக் குணம் இருக்கிறது, தனி விதிகள் இருக்கின்றன, அதை அதன் விதிப்படி நடத்தினால் அழகாக ஓடும். இதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கலாம் என்று ரொம்ப நாளாக ஆசை.

கிடைக்கிற அறிவுரைகள் எல்லாம் இரண்டு ஓரங்களுக்கானவை. குட்டை முடிக்கு வேக்ஸ், ஜெல், இரண்டு நிமிஷத்தில் கிளம்பலாம். நீள முடிக்குப் பின்னல், கொண்டை, எண்ணெய், ஒரு பெரிய நூலகமே இருக்கிறது. நடுவில் இருப்பவருக்குக் கிடைப்பது “கொஞ்சம் பொறுமையா இருங்க, வளர்ந்துடும்” மட்டும்தான். ஒரு சர்வர் தடுமாறுகிறது என்று புகார் டிக்கெட் போட்டால் “பொறுமையாக இருங்கள்” என்று பதில் எழுதி மூடிவிடுவார்களா? என்ன பாரம் ஏறுகிறது, எங்கே ஏறுகிறது என்று பார்ப்பார்கள். அந்த மரியாதை முடிக்கும் கிடைக்க வேண்டும்.

நிறுத்தாமல் நடக்கும் ரீஸ்டார்ட்

முதலில் இந்த சிஸ்டம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். தலையில் சுமார் 1 லட்சம் முடிகள். ஒவ்வொன்றும் அதனதன் வேர்க்காலில், அதனதன் கால அட்டவணையில் தனியாக ஓடுகிறது. 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளரும் கட்டம், அப்புறம் இரண்டு மூன்று வாரம் வளர்ச்சியை மூடும் கட்டம், அதற்கப்புறம் சுமார் 3 மாதம் ஓய்வு, பிறகு பழையது விழுந்து அதே குழியிலிருந்து புதியது. பல விலங்குகளுக்குப் பருவம் வந்தால் மொத்த ரோமமும் சேர்ந்து உதிரும், அவை சிஸ்டத்தை மொத்தமாக நிறுத்திவிட்டு அப்டேட் செய்கிற கூட்டம். நமக்கு அப்படி இல்லை. ஒரு முடி நிற்கும்போது பக்கத்து முடி ஓடிக்கொண்டிருக்கும், எந்த நேரத்தில் எண்ணினாலும் 85, 90 சதவீதம் வேலையில்தான் இருக்கும். சர்வர்களை ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்து, வெளியே இருப்பவருக்குத் தெரியாமலே முழு சிஸ்டத்தையும் புதுப்பிக்கிற உத்தியை நாங்கள் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிப் பேசுவோம். தலை அதைச் சின்ன வயசிலிருந்தே செய்துகொண்டிருக்கிறது.

இதிலிருந்து நடுத்தர நீளக்காரர்களுக்கு இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, உதிர்வு. தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது சாதாரணம். குட்டை முடிக்காரருக்கும் அவ்வளவேதான் உதிர்கிறது, ஆனால் 3 சென்டிமீட்டர் துண்டுகள் தரையில் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. நம்முடையது 20 சென்டிமீட்டர். 100 முடி என்றால் ஒரு நாளைக்கு 20 மீட்டர்! கீபோர்டில், தலையணையில், தண்ணீர் போகிற துளையில் எல்லாம் அதுதான் கிடக்கிறது. தோள் வரை வளர்த்த புதிதில் நிறையப் பேர் “முடி கொட்ட ஆரம்பிச்சிடுச்சு” என்று பயந்துபோய் ஒட்ட வெட்டிக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். கண்ணில் படுவது கூடியிருக்கிறது, உதிர்வு கூடவில்லை. லாக், அதாவது நடப்பதைப் பதிவு செய்யும் குறிப்பு, எழுதாத சிஸ்டத்தில் திடீரென்று லாகை முடுக்கிவிட்டால் பிழைகள் பெருகிவிட்டது போலத் தெரியும் இல்லையா, அதே கதை. உண்மையிலேயே கொத்துக் கொத்தாகக் கொட்டினால் அது வேறு. பெரிய காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், கடுமையான பட்டினி டயட் போன்ற ஒரு அதிர்ச்சிக்குப் பிறகு ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக் கட்டத்துக்குத் தள்ளப்படும். டெலோஜென் எஃப்ளூவியம் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அது உதிர்வாக வெளியே தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதனால் நேற்று மாற்றிய ஷாம்புவைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் மூன்று மாதத்துக்கு முந்தைய லாகைத் திறந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். நிற்காமல் போனால், அல்லது வட்ட வட்டமாகக் கொட்டினால், தோல் மருத்துவரிடம் போவதுதான் சரி.

இரண்டாவது விஷயம், தலையில் எப்போதும் எல்லா வயதிலும் முடி இருக்கும். நேற்று கிளம்பியது 3 சென்டிமீட்டரில் வானத்தைப் பார்த்து நிற்கும், பழையது தோளில் கிடக்கும். கண்ணாடி முன்னால் வெளிச்சத்தில் பார்த்தால் உச்சந்தலையைச் சுற்றி ஒளிவட்டம் மாதிரி மெல்லிய முடிகள் நிற்குமே, அவற்றில் நிறைய இந்தப் புதியவர்கள்தான், எல்லாமே உடைந்த முடி கிடையாது. அவற்றை ஜெல் போட்டு நசுக்க எனக்கு மனசு வருவதில்லை. அடுத்த பதிப்பு அங்கேதான் வளர்ந்துகொண்டிருக்கிறது.

5 சென்டிமீட்டர்

என் முடியில் நீண்ட நாள் தீராத ஒரு பக், ஒரு பிழை, இருந்தது. இடப்பக்கம் நுனி ஒழுங்காக உள்ளே வளையும், வலப்பக்கம் வெளியே கொக்கி போடும். எப்படி வாரினாலும், எந்த வகிடு எடுத்தாலும், சீப்பை மாற்றினாலும், ட்ரையரைக் கீழிருந்து மேலிருந்து எங்கிருந்து காட்டினாலும், மதியத்துக்குள் வலது கொக்கி திரும்பி வந்துவிடும். சேர்ந்து வீடியோ மீட்டிங்கில் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் கொக்கி பழக்கம். நீளத்தில் கோளாறு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இன்னும் இரண்டு விரல் வளர்ந்தால் சரியாகும் என்றது ஒரு கட்சி, இரண்டு விரல் குறைத்தால் சரியாகும் என்றது இன்னொரு கட்சி.

முடி வெட்டுகிற ஒரு அம்மா அதைத் தீர்த்து வைத்தார். தீர்த்த விதம்தான் என்னை இவ்வளவு எழுத வைக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்ததும் தண்ணீர் தெளிப்பார் என்று எதிர்பார்த்தேன், தெளிக்கவில்லை. காய்ந்த முடியை அப்படியே விட்டு, தலையைக் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், இப்படி அப்படித் திரும்பச் சொன்னார், என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். பிறகு பிடரிப் பக்கம் கையை விட்டு முடியை மொத்தமாகத் தூக்கி, எடை பார்ப்பது மாதிரி ஒரு முறை ஆட்டிவிட்டுச் சொன்னார்: “நீளம் சரியாத்தாங்க இருக்கு. எடைதான் எல்லாம் ஒரே எடத்துல வந்து உக்காருது. நீங்க பை மாட்டுற பக்கம் தோள் கொஞ்சம் மேல நிக்குது, அங்க வந்து முட்டித் திரும்புது.” எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. இத்தனை பேர் என் முடியைப் பார்த்தார்கள், இவர் ஒருவர்தான் முடி எங்கே போய் மோதுகிறது என்று பார்த்தார். புரொடக்ஷனில், அதாவது நிஜப் பயன்பாட்டில், ஓடும்போது வைத்துக் கவனிக்காமல் எந்தப் பிழையையும் கண்டுபிடிக்க முடியாது என்று நாங்கள் வாய் கிழியப் பேசுவோம். நனைத்து, நீட்டி, சீவி, அசையாமல் வைத்துப் பார்த்தால் அது சோதனைக்கூட முடி. காய்ந்து, சாய்ந்து, பையோடும் தோளோடும் உரசிக்கொண்டு இருக்கிறதே, அதுதான் ஓடுகிற முடி.

அவர் வெளி நீளத்தில் கிட்டத்தட்ட கையே வைக்கவில்லை. உள் அடுக்குகளில் நுனிகளை மட்டும் வெவ்வேறு மட்டத்தில் எடுத்தார். அதுவரை எல்லா முடியும் ஒரே வரியில் தோளில் வந்து இடித்துக்கொண்டிருந்தது, அப்புறம் பகுதி பகுதியாக, வெவ்வேறு இடத்தில் இறங்கியது. பாரத்தைப் பல இடத்துக்குப் பகிர்ந்துவிடுவதை நாங்கள் லோடு பேலன்சிங் என்போம், வேலை தெரிந்தவர் செய்தால் அது இப்படித்தான் இருக்கும். “உள்ள ரொம்பக் குட்டையா எடுக்க மாட்டேன், எடுத்தா அது முட்டுக் குடுத்து மேல இருக்கறதத் தூக்கிடும்” என்றும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் வீட்டுக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. எவ்வளவு குட்டை என்றால் முட்டுக் கொடுக்கும்?

அதற்கு இயற்பியலில் பதில் இருக்கிறது. 2012-ல் ரேமண்ட் கோல்ட்ஸ்டைன், பேட்ரிக் வாரன், ராபின் பால் ஆகிய மூன்று இயற்பியலாளர்களும் குதிரைவால் முடியின் வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்று கணக்குப் போட்டு, ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு முடிக்கற்றையின் வடிவத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: முடியின் விறைப்பு, அதன் எடை, அப்புறம் ஒவ்வொரு முடிக்கும் இருக்கிற சின்னச் சின்ன நெளிவுகள் ஒன்றை ஒன்று வெளியே தள்ளுகிற அழுத்தம். இதில் விறைப்புக்கும் எடைக்கும் நடுவே ஓர் எல்லை வருகிறது, சுமார் 5 சென்டிமீட்டர். அதைவிடக் குட்டையான முடியைப் புவியீர்ப்பால் சரியாக வளைக்க முடியாது, அது முளைத்த திசையிலேயே நிற்கும். முடியின் நீளத்தை அந்த 5 சென்டிமீட்டரால் வகுத்தால் கிடைப்பதற்கு, நீளக் கூந்தலுக்குப் பேர்போன தேவதைக் கதை நாயகியின் பெயரில், ரபுன்செல் எண் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்த ஆண்டு இயற்பியலுக்கான இக் நோபல் பரிசு இவர்களுக்கும், குதிரைவாலின் ஆட்டத்தைக் கணக்கிட்ட கணிதவியலாளர் ஜோசஃப் கெல்லருக்கும் சேர்த்துக் கிடைத்தது. ஓடும்போது தலை மேலும் கீழும்தான் போகிறது, வால் ஏன் பக்கவாட்டில் ஆடுகிறது என்பது கெல்லரின் கேள்வி. சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற பரிசு அது. எனக்கு நேராக யோசனையே வந்துவிட்டது.

ஏனென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 சென்டிமீட்டர் முடிக்கு எண் 0.6, விறைப்பின் ஆட்சி. 60 சென்டிமீட்டர் முடிக்கு 12, எடையின் ஆட்சி, எல்லாவற்றையும் கீழே இழுத்துப் படிய வைத்துவிடும். நம் 20, 25 சென்டிமீட்டருக்கு 4, 5. கீழே இழுக்க எடை இருக்கிறது, ஆனால் நெளிவின் அழுத்தத்தை முழுசாக அடக்குகிற அளவுக்கு இல்லை, வேருக்குப் பக்கத்தில் விறைப்பும் விட்டுக்கொடுப்பதில்லை. யாரும் ஜெயிக்காத இடம். அதனால்தான் இங்கே ஒரு சின்ன மாற்றமும், ஒரு விரல் நீளமோ ஒரு பையின் பட்டையோ காற்றில் கொஞ்சம் ஈரமோ, மொத்த வடிவத்தையும் மாற்றிவிடுகிறது. ஆட்டமும் அசைவும் நன்றாகத் தெரிகிற நீளமும் இதுதான். இதைப் பாதி வழி என்று சொல்பவர்கள் கத்தரியின் கணக்கில் பேசுகிறார்கள், விசைகளின் கணக்கில் இது தனி ஊர். அந்த அம்மாவுக்கு ரபுன்செல் எண் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் அவர் விரல்களுக்கு 5 சென்டிமீட்டர் எங்கே என்று தெரிந்திருக்கிறது.

சிக்கு எடுப்பது

சிக்கு எங்கே விழும் என்பதும் இந்த நீளத்துக்குத் தனி. இடுப்பு வரை முடி இருந்தால் பெரும்பாலும் கட்டியே வைப்பார்கள். குட்டையில் சிக்கே இல்லை. நமக்குத்தான் நாள் முழுக்க முடி அவிழ்ந்து கிடக்கிறது, நுனி போய்ச் சரியாகச் சட்டைக் காலரில் உரசுகிறது. பிடரிக்குக் கீழே, காதுக்குப் பின்னால், ஹெட்ஃபோன் பட்டை படுகிற இடத்தில், இந்த மூன்று இடத்தில்தான் முடிச்சு. மற்ற இடங்களைச் சீவுவதில் போகிற நேரத்தை இங்கே கொடுத்தால் போதும். நீட்டமான முடியைவிடச் சுருள் முடிதான் அதிகம் சிக்கும் என்று பொதுவாக ஒரு எண்ணம் இருக்கிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் ஜான் பாப்டிஸ்ட் மாசோன் 2007-ல் முடி வெட்டுபவர்களை வைத்தே சிக்குகளை எண்ணிப் பார்த்தபோது நீட்ட முடியில்தான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருந்தது. நீட்ட முடிகள் ஒன்றையொன்று சந்திப்பது குறைவு, ஆனால் சந்திக்கும்போது கோணம் பெரிதாக இருப்பதால் மாட்டிக்கொள்கின்றன என்பது அவர் தந்த விளக்கம்.

சீப்பை உச்சியில் வைத்து ஒரே இழுப்பாக இழுக்கக் கூடாது, நுனியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும் என்று முடி சீவிவிடுகிற எல்லோரும் சொல்வார்கள். இதற்கும் 2022-ல் கணக்கு வந்துவிட்டது. ஹார்வர்டில் எல். மகாதேவனும் அவர் கூட்டாளிகளும் ஒன்றையொன்று சுற்றிய இரண்டு சுருள் இழைகளுக்கு நடுவே ஒரே ஒரு சீப்புப் பல்லை ஓட்டிப் பார்த்தார்கள். மேலிருந்து நீளமாக இழுத்தால் பின்னல்கள் எல்லாம் கீழே நெருக்கியடித்து இறுகிவிடுகின்றன. நுனியிலிருந்து சின்னச் சின்ன இழுப்பாக எடுத்தால் ஒவ்வொரு பின்னலும் திறந்த முனை வழியாக வெளியே வழிந்துவிடுகிறது. மென்பொருள் நிரல் எழுதுபவர்கள் இதைப் படித்ததும் தலையாட்டுவார்கள். ஆறு மாதம் தனிக் கிளையாக வைத்து எழுதிய நிரலை ஒரே நாளில் பொது நிரலோடு மெர்ஜ் செய்தால், அதாவது இணைத்தால், என்ன ஆகும், தினமும் துளித்துளியாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்தவர்கள்தானே எல்லோரும். நடுத்தர நீளத்தில் இதற்கு இன்னொரு அனுகூலம் உண்டு, திறந்த முனை பக்கத்திலேயே இருக்கிறது. 20 சென்டிமீட்டரை நாலு கட்டமாகப் பிரித்தால் ஒரு நிமிஷத்தில் முடிகிற வேலை.

தண்ணீர் என்கிற ரீசெட் பொத்தான்

காலையில் எழுந்ததும் ஒரு பக்கம் அமுங்கி இன்னொரு பக்கம் நிமிர்ந்து நிற்கிறதே, அதைச் சீப்பால் வழிக்குக் கொண்டுவர முயல்வது வீண் உழைப்பு. முடி என்பது கெரட்டின் புரதம். அதற்குள் பல வகைப் பிணைப்புகள் இருக்கின்றன, அதில் வலுவானது டைசல்ஃபைடு பிணைப்பு, நிரந்தரமாகச் சுருட்டவோ நீட்டவோ ரசாயனம் போடுகிறவர்கள் உடைப்பது அதை. பலவீனமானது ஹைட்ரஜன் பிணைப்பு. அது தண்ணீர் பட்டால் விட்டுவிடும், காய்ந்தால் அப்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்தில் திரும்பப் பிடித்துக்கொள்ளும். ராத்திரி வியர்வை ஈரத்தில் தலையணையில் அழுந்தியபடியே காய்ந்தது, பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். பிரவுசர் எடுத்து வைத்திருக்கும் தற்காலிக நகலில், கேஷில், பழைய பக்கம் உட்கார்ந்திருக்கும்போது திரும்பத் திரும்ப அதே பக்கத்தைத் திறப்பதால் என்ன பயன்? கேஷை அழிக்க வேண்டும். கையை நனைத்து, கோணிய இடத்தின் வேர்ப் பக்கத்தில் (நுனியில் நனைத்துப் பலனில்லை) நன்றாகத் தடவி, வேண்டிய திசையில் படிய வைத்துக் காயவிட்டால் போதும். ஹெட்ஃபோன் போட்டுப் பள்ளம் விழுந்த இடத்துக்கும் இதே மருந்து. தலை முழுக்க ஈரமாக இருக்கும்போது ஹெட்ஃபோன் மாட்டாமல் இருந்தால் பள்ளமே விழாது.

காற்றில் ஈரம் ஏறும்போது முடி பறப்பதும் இதே பிணைப்புகளின் வேலைதான். 1783-லேயே ஹொராஸ் பெனடிக்ட் டி சோசூர் என்ற சுவிஸ் அறிவியலாளர் இதை ஒரு கருவியாக்கி எழுதினார். மனித முடியை இழுத்துக் கட்டி, அது நீள்வதையும் சுருங்குவதையும் முள்ளால் காட்டவைத்து, காற்றின் ஈரத்தை அளந்தார். முற்றிலும் வறண்ட காற்றிலிருந்து முற்றிலும் ஈரக் காற்றுக்குப் போனால் முடி சுமார் 2 சதவீதம் நீளும். அந்த முடி ஈரமானி ரொம்ப காலம் வானிலை நிலையங்களில் வேலை செய்தது. நம் தலையில் 1 லட்சம் சென்சார் மாட்டியிருக்கிறது, அது அளந்ததைக் காட்டத்தான் செய்யும். ஈர நாளில் வகிட்டைத் துல்லியமாக நிறுத்தப் பார்க்காமல், பாதியைப் பின்னால் எடுத்து ஒரு கிளிப் போட்டுவிடுவது நல்லது. மேல் பாதியைக் கட்டி, கீழ்ப் பாதியைத் தொங்கவிடுவது இந்த நீளத்துக்கென்றே செய்தது மாதிரி பொருந்தும். முழுசாக இழுத்துக் கட்டினால் முன்பக்க முடி எட்டாமல் நழுவும், அதைப் பிடிக்க இன்னும் இறுக்குவோம், இறுக்கம் வருஷக்கணக்கில் தொடர்ந்தால் நெற்றியோரத்தில் முடி நிரந்தரமாகவே பின்வாங்கலாம். நழுவுகிற முடி நழுவட்டும்.

ஒரே முடியில் இரண்டு வயது

பராமரிப்பில் நான் ரொம்பப் பிடிவாதமாக இருக்கிற ஒரு விஷயம் இது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரோ கொஞ்சம் கூடவோ வளர்கிறது. அப்படியானால் 20 சென்டிமீட்டர் முடியின் நுனிக்கு ஒன்றரை வயது, வேருக்கு நேற்றுதான் பிறந்தநாள். நுனி ஒன்றரை வருஷ வெயிலையும் சீப்பையும் காலரையும் பார்த்துவிட்டது. முடியின் மேல் ஓடு ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிய செதில்களால் ஆனது, புது முடியில் அதற்கு மேலே மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று இருந்து வழுக்கலாக வைத்திருக்கும். நுனிக்கு வருவதற்குள் அந்தப் படலம் நிறையத் தேய்ந்திருக்கும். பழைய நிரலையும் புது நிரலையும் ஒரே விதியில் நடத்தக் கூடாது, முடியும் அப்படித்தான். எண்ணெய் சுரப்பது தலைத்தோல், அழுக்கு சேர்வது அங்கே, ஷாம்பு அங்கே போதும். அலசும்போது வழிகிற நுரையே நுனியைச் சுத்தம் செய்துவிடும். கண்டிஷனர் கீழ்ப் பாதிக்கு மட்டும். வேரில் தடவினால் எடை கூடி உச்சந்தலை ஒட்டிக்கொள்ளும், இந்த நீளத்தில் அது உடனே தெரியும்.

கண்டிஷனர் எப்படி வேலை செய்கிறது என்று படித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷம் பெரியது. தேய்ந்த முடியின் மேற்பரப்பில் எதிர் மின்சுமை அதிகம். கண்டிஷனரில் இருக்கிற முக்கிய மூலக்கூறுகளுக்கு நேர் மின்சுமை. அதனால் எங்கே சேதம் அதிகமோ அங்கே அதிகமாகப் போய் ஒட்டும், நல்ல இடத்தில் குறைவாக. எந்தக் கோப்பில் பிழை இருக்கிறது என்று தானே தேடிப்போய் உட்காருகிற பேட்ச், திருத்தத் துண்டு! இத்தனை வருஷத்தில் எங்கள் வேலையில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் அது பூச்சு மட்டும்தான், பிளந்த நுனியை ஒட்டவைக்காது. வெளியே வந்துவிட்ட முடியில் உயிருள்ள செல் எதுவும் இல்லை, தன்னைத் தானே சரிசெய்துகொள்ள அதற்கு வழி கிடையாது. பிளந்ததை வெட்டத்தான் வேண்டும், விட்டால் பிளவு மேலே ஏறும். ஈர முடியை அழுத்தித் துடைப்பதும், ஈரம் காயும் முன்னே ஸ்ட்ரெய்ட்னரை வைப்பதும் அந்த நுனியின் ஆயுளைக் குறைக்கிற வேலைகள். ஈரத்தில் முடி அதிகமாக நீளும், சுலபமாக உடையும். சூடான தகட்டுக்கு நடுவே மாட்டிய தண்ணீர் உள்ளுக்குள்ளேயே ஆவியாகி முடியில் குமிழி விழும்.

கத்தரி

டெப்லாய் செய்த பிறகு, அதாவது மாற்றத்தை ஓடவிட்ட பிறகு, பழைய நிலைக்குத் திரும்புகிற ரோல்பேக் இல்லாத ஒரே சிஸ்டம் இது. ஒரு விரல் அதிகமாகப் போய்விட்டால் திரும்ப இரண்டு மாதம். நீள முடியில் ஒரு விரல் போனால் யாருக்கும் தெரியாது, குட்டை முடியில் போனால் சீக்கிரம் வளர்ந்து மறைந்துவிடும். நமக்கு ஒரு விரல் என்பது தோளில் படுவதற்கும் படாமல் போவதற்கும் உள்ள தூரம், ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவம். அதனால் நாற்காலியில் உட்கார்ந்து “கொஞ்சமா” என்று சொல்லக் கூடாது. கண்ணாடியில் விரலை வைத்து, காய்ந்த முடியில், இந்த எலும்பு வரைக்கும் என்று காட்ட வேண்டும். முடியில் நெளிவு இருப்பவர்கள் கூடுதலாக ஒன்று கவனிக்க வேண்டும், ஈரத்தில் நீண்டு தெரிகிற அளவு காய்ந்ததும் மேலே ஏறிவிடும். படம் காட்டுவதாக இருந்தால் பிடித்த நடிகரின் படத்தைவிட, நம் முடியே நன்றாக இருந்த ஒரு நாளின் படம் மேல். அதில் இருப்பது நம் அடர்த்தி, நம் சுழி. ஒரு தடவை போய்ப் பெரிய மாற்றம் செய்வதைவிட, அடிக்கடி போய்ச் சின்னதாகச் செய்வது இங்கே எப்போதும் நல்லது. எனக்கு அந்த அம்மா நுனியை நாலு மில்லிமீட்டர், ஐந்து மில்லிமீட்டர் என்றுதான் எடுக்கிறார், அதிலேயே அடுக்குகளின் சமநிலை திரும்ப வந்துவிடுகிறது.

இன்னும் மூடாத டிக்கெட் ஒன்று உச்சந்தலையில் இருக்கிறது. சுழி. முழுக்க முடி மூடிய ஒரு பந்தை எங்கேயும் சுழியே இல்லாமல் படிய வார முடியாது என்று கணிதத்தில் ஒரு தேற்றம் உண்டு, 1912-ல் டச்சுக் கணிதவியலாளர் பிரௌவர் அதை இன்னும் பொதுவான வடிவில் நிறுவினார். நம் தலை முழுப் பந்து இல்லை, முகத்திலும் கழுத்திலும் விளிம்பு இருக்கிறது, ஆகவே தேற்றம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. இருந்தாலும் வேர்க்கால்கள் சாய்ந்த திசை பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுவதால் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரு சுழி, சிலருக்கு இரட்டைச் சுழி. என் சுழிக்கு மேலே ஒரு கொத்து முடி ஆண்டெனா மாதிரி நிற்கிறது. போன தடவை அதை அந்த அம்மாவிடம் காட்டினேன். விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, “இது இன்னும் பாரம் ஏறல. இத நான் தொட மாட்டேன், நீங்களும் யாரையும் தொட விடாதீங்க, வளர்ந்தா அதுவே சாஞ்சிடும்” என்றார். வீட்டுக்கு வந்து அளவுகோலை வைத்துப் பார்த்தேன், 6 சென்டிமீட்டர் சொச்சம். எல்லையை இப்போதுதான் தாண்டியிருக்கிறது. அடுத்த தடவை பின்பக்கமும் ஓரங்களும் மட்டும்தான் வெட்டச் சொல்லப் போகிறேன்.